படிக்க வந்த பிள்ளைகள் திருச்சியில் தங்க என்ன வேண்டும்?

திருச்சிக்கு மாணவர்களை வரவழைக்க யாரும் பெரிதாகப் பாடுபட வேண்டியதில்லை. நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி 1883இல் இங்கே இடம் மாறி வந்தது. அதிலிருந்தே இது படிக்கிற ஊர். 1923இல் ஹோலி கிராஸ், 1951இல் ஜமால் முகமதுவும் சீதாலட்சுமி ராமசாமியும், 1964இல் துவாக்குடியில் ஆர்.இ.சி. என்ற மண்டலப் பொறியியல் கல்லூரி (இப்போது என்.ஐ.டி.), 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம், 2011இல் ஐ.ஐ.எம். என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. அரியலூர், பெரம்பலூர், புதுக்கோட்டை, கரூர் பக்கத்து வீடுகளில் "மேல்படிப்பு" என்று பேச்செடுத்தால் முதலில் வாயில் வருவது திருச்சிதான்.

வந்தவர்களைத் தங்கவைப்பதுதான் நம்மால் ஆகவில்லை. புத்தூர் பக்கத்தில் பத்து வருஷத்துக்கு மேலாகப் பெண்கள் விடுதி நடத்துகிறேன். ஏப்ரல் கடைசியில் எங்கள் மொட்டைமாடிக்கு வந்து பார்த்தால் பக்கெட்டும் பாயும் பழைய கைடு புத்தகங்களும் குவிந்து கிடக்கும். மூன்று வருஷம் எங்கள் வீட்டில் சாப்பிட்ட பிள்ளை, ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏறிவிடும். ஊரின் எந்தச் சந்தில் எந்தக் கடை என்று அத்தனையும் தெரிந்துவைத்திருக்கும் பெண். அவளை இழப்பது ஒரு கட்டிலின் வாடகையை இழப்பது மட்டும் இல்லை.

எதனால் போகிறார்கள் என்று கேட்டால் எல்லோரும் "வேலை இல்லை, போகிறார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. கூடவே இருந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது வேறு. கடைசிப் பரீட்சைக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவில் சில மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களில்தான் எல்லாம் முடிவாகிறது. கல்லூரி விடுதியில் பரீட்சை முடிந்த கையோடு அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். ரிசல்ட் ஒரு நாள், சர்டிஃபிகேட் இன்னொரு நாள். ஆஃபர் லெட்டர் கையில் இருந்தாலும் எப்போது சேரச் சொல்வார்கள் என்பது அந்தக் கம்பெனிக்கே தெரியாது. அதுவரை அந்தப் பெண் எங்கே இருப்பாள்? ஊருக்குப் போனால் பத்தாவது நாள் ஜாதகத்தை எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் சென்னையில் வேலை பார்க்கும் அக்கா முறைப் பெண்ணின் அறையில் ஒரு ஓரத்தில் படுத்துக்கொண்டு வேலை தேடுவாள். அங்கே கிடைத்தால் அங்கேயே. திருச்சி அவள் கணக்கிலேயே இருக்காது.

ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் பி.எஸ்சி. விலங்கியல் முடித்த கையோடு என்னிடம் வந்து, "அக்கா, மெடிக்கல் கோடிங் கிளாஸில் சேரணும், மூணு மாசம். வீட்டில் ஃபீஸ் மட்டும் தருவாங்க. ஹாஸ்டலுக்குத் தர மாட்டாங்க" என்றாள். நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளைக் குறியீடுகளாக மாற்றுகிற வேலைதான் மெடிக்கல் கோடிங். அப்போது எனக்கு ஒரு கணக்கு உறைத்தது. மே, ஜூனில் என்னிடம் எப்படியும் கட்டில்கள் காலியாகத்தான் கிடக்கின்றன. கல்லூரி திறந்து புதுப் பிள்ளைகள் வரும்வரை மின்விசிறி சுற்றாத அறைகள். இவர்களுக்கு இடம் தேவைப்படுவதும் சரியாக அதே மாதங்களில்தான். பாதி வாடகைக்குக் கொடுத்தால் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, கிடைப்பதெல்லாம் வரவு.

அதிலிருந்து அதையே வழக்கமாக்கிவிட்டேன். படிப்பு முடிந்தவர்களுக்கு மூன்று மாதம் பாதி வாடகை. புதிதாக அட்வான்ஸ் கிடையாது. மெஸ்ஸை மாதக் கணக்கில் கட்ட வேண்டாம், சாப்பிட்ட வேளைக்கு மட்டும் காசு. ஒரே நிபந்தனை, ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும்: பயிற்சியோ, டி.என்.பி.எஸ்.சி. படிப்போ, இன்டர்வியூவோ. சும்மா படுத்திருக்க அல்ல. அந்த ஜெயங்கொண்டம் பெண்ணுக்கு இங்கேயே ஒரு மெடிக்கல் கோடிங் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் தங்கையைக் கூட்டிவந்தாள், அப்புறம் இருவருமாக உறையூரில் ஒரு சின்ன போர்ஷனை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். அம்மாவும் அவ்வப்போது வந்து தங்குகிறார். ஒரு கட்டிலைப் பாதி விலைக்குக் கொடுத்ததில் ஊருக்கு ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது.

மற்ற விடுதிக்காரர்களுக்கு ஒரு தகவல். மாதம் 20,000 ரூபாய்க்குள் வாடகை, தொடர்ந்து 90 நாளாவது தங்கல் என்றால் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு என்று 2024 ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்தது. மூன்று மாதம் என்று வைத்துக்கொள்வது அதற்கும் பொருந்திவரும். 2014ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்கள் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். அதை வாங்கிச் சுவரில் மாட்டிவையுங்கள். மகளைக் கொண்டுவந்து விடுகிற தகப்பனார்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். அரசின் தோழி விடுதி திருச்சியிலும் இருக்கிறது. வேலை பார்க்கும் பெண்களுக்கானது, நாள் வாடகைக்கும் தங்கலாம். இன்டர்வியூவுக்கு வெளியூரிலிருந்து தனியாக வருகிற பெண்களை, எங்களிடம் இடம் இல்லாதபோது அங்கே போகச் சொல்கிறேன். வேலை கிடைத்த பிறகு தங்க அது நல்ல இடம். வேலை தேடும்போது தங்க அப்படி ஓர் இடம் மாநகரத்தில் வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கோடையில் பூட்டிக்கிடக்கும் கல்லூரி விடுதிகளில் ஒரு மாடியைத் திறந்துவிட்டால்கூடப் போதும்.

இந்த ஊர் ஒரு காலத்தில் இளைஞர்களைத் தங்கவைத்த ஊர்தான். பொன்மலை ரயில்வே பணிமனையில் சேர்ந்தவனுக்கு ரயில்வே காலனியில் வீடு. அறுபதுகளில் கொதிகலன் செய்யும் பொதுத்துறை நிறுவனமான பெல் வந்தபோது கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று ஒரு நகரத்தையே சேர்த்துக் கட்டினார்கள். எங்கெங்கிருந்தோ இருபத்துச் சொச்சம் வயதில் வந்து சேர்ந்தவர்கள் ரிட்டயர்டு ஆன பிறகும் ஊர் திரும்பவில்லை. கே.கே. நகரிலும் திருவெறும்பூரிலும் வீடு கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார்கள். வேலையோடு வீடும் சேர்ந்து வந்ததால்தான் அது நடந்தது. இன்றைக்கு வருகிற வேலைக்குக் கூரை கிடையாது. நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது, பஞ்சப்பூரில் டைடல் ஐ.டி. பூங்கா வருகிறது, நல்லது. அங்கே வேலைக்கு வரும் இருபத்திரண்டு வயதுப் பெண் ராத்திரி எங்கே படுப்பாள் என்பதையும் அந்தக் கட்டட வரைபடத்தோடு சேர்த்து யோசிக்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு விடுதி, வாசலில் ஒரு டவுன் பஸ் நிறுத்தம். அந்த இரண்டும் வேண்டும்.

சம்பளக் கணக்கைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். சென்னையில் 22,000 என்று ஒரு பெண்ணுக்கு வந்தது, இங்கே 14,000. சென்னையில் சாப்பாட்டோடு விடுதிக்கு 9,000, ரயிலுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் 2,000, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோகும் செலவு, அங்கே இருந்தால் தானாக ஆகிற வெளிச் சாப்பாடு, துணிமணி. இங்கே எங்களிடம் சாப்பாட்டோடு 6,000, பஸ் செலவு மிகக் குறைவு, ஊர் ஒன்றரை மணி நேரம். கடைசியில் கையில் நிற்கும் பணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதைக் கண்ணால் பார்த்த பிறகும் அவள் சென்னைக்கே போனாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னது: "இந்த வேலை பிடிக்கலைன்னா அங்க அடுத்த பில்டிங்ல இன்னொண்ணு இருக்குக்கா. இங்க விட்டா எங்க போவேன்?"

எனக்கு இதில் மறுவார்த்தை இல்லை. ஓர் ஊரில் ஒரு பெரிய நிறுவனம் இருந்தால் போதாது, ஒரே மாதிரி வேலை தருகிற பத்து நிறுவனங்கள் வேண்டும். அப்போதுதான் இருக்கிற வேலையில் கொடுமை நடந்தால் எழுந்து போகும் தைரியம் வரும், சம்பளமும் தானாக ஏறும். திருச்சியில் மெடிக்கல் கோடிங் வேலையில் இது கொஞ்சம் நடந்திருக்கிறது. அனுபவம் உள்ள பெண்கள் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு, விடுதி மாறாமலே போகிறார்கள். அவர்கள் சென்னையைப் பற்றிப் பேசுவதில்லை. துவாக்குடியில் பெல்லை நம்பியிருந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் ஆர்டர் குறைந்ததும் தடுமாறியதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. ஒருவரையே நம்பியிருப்பதன் ஆபத்தை நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பலருக்குப் பிடிக்காது. விடுதியிலிருந்து தனி வீட்டுக்கு மாற நினைக்கும் பெண்களுக்காக நானே வீடு தேடி அலைந்திருக்கிறேன். வாடகை பேசும் முன், எத்தனை பேர் என்று கேட்கும் முன், வீட்டுக்காரர் கேட்பது "நீங்க என்ன ஆளுங்க?" நேராகக் கேட்காதவர்கள் "நான்-வெஜ் சமைப்பீங்களா?" என்பதில் தொடங்கி, அப்பா பெயர், குலதெய்வம் எந்த ஊர் என்று சுற்றிவந்து அதே இடத்தில் நிற்பார்கள். நல்ல வேலை, நல்ல சம்பளம், குனிந்த தலை நிமிராத ஒரு பெண். போன இடமெல்லாம் இந்தக் கேள்வி. கடைசியில் அலுவலகத்தில் மாற்றல் கேட்டு பெங்களூருக்குப் போய்விட்டாள். அவள் போன நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இந்த ஊரில் இருக்கத்தான் ஆசைப்பட்டாள். நாம்தான் இடம் கொடுக்கவில்லை. பெரிய நகரங்களிலும் இந்தக் கேள்வி உண்டு, தெரியும். ஆனால் அங்கே நாலு தெரு தள்ளிப் போனால் கேட்காத ஒரு வீடு கிடைத்துவிடுகிறது.

அட்வான்ஸும் அப்படித்தான். முதல் மாதச் சம்பளமே வாங்காத பிள்ளையிடம் பத்து மாத வாடகையைக் கேட்டால் எங்கே போவாள்? 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் முன்பணத்துக்கு அளவாக வைத்திருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. ஒப்பந்தம் எழுதினால் வாடகைக்கு வருகிறவருக்கு உரிமை வந்துவிடுமே என்று வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள். எழுதினால்தான் இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு என்று நான் பேசிப் பேசிச் சிலரைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.

விடுதிக்குள் நான் மாற்றியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் பிள்ளைகள் தங்குவதும் போவதும் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் எங்கள் கேட் ஏழு மணிக்குப் பூட்டப்படும். மாலை கிளாஸ், நூலகம், இரண்டாம் ஷிப்ட் என்று வந்த பிறகு ஏழு மணி பொருந்தவில்லை. இப்போது ஒன்பதரை. அதற்கு மேல் ஆகுமானால் எந்த இடம், எதில் வருகிறாய் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி எனக்கு வரவேண்டும், அவ்வளவுதான். பெற்றோர்களிடம் சேர்க்கும் நாளிலேயே இதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். "அந்த விடுதியில ஏழு மணிக்கே பூட்டுறாங்களாமே" என்று சில பெற்றோர் பிள்ளையை வேறு விடுதிக்குக் கூட்டிப் போனதுண்டு. போகட்டும். இருபத்திரண்டு வயதில் ஏழு மணிக்கு உள்ளே அடைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு இந்த ஊரின் சாயங்காலம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. தெரியாத ஊரில் அவள் ஏன் வாழ ஆசைப்படப்போகிறாள்?

சமையலறையில் இரண்டு வேளைதான் முக்கியம். பொறியியல் கல்லூரி பஸ் ஏழேகாலுக்கு வந்துவிடும். அதனால் ஆறே முக்காலுக்கு டப்பாவில் எலுமிச்சை சாதமோ புளிச்சோறோ, கூட உருளைக்கிழங்கோ கட்டி வரிசையாக மேசையில் இருக்கவேண்டும். இன்னொரு வேளை நடு ராத்திரி. அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் இரண்டு மணிக்கு கேபில் வந்து இறங்குவார்கள். ஆறிப்போன சப்பாத்தியை அவர்கள் தொடுவதே இல்லை, வாளியில் அப்படியே கிடக்கும். இப்போது ஒரு தூக்கில் தோசை மாவு, பக்கத்தில் கல்லும் எண்ணெய்க் கிண்ணமும், ஃப்ரிட்ஜில் மூடிவைத்த தக்காளிச் சட்னி. வருகிறவள் தானே இரண்டு தோசை ஊற்றிக்கொள்கிறாள். சில ராத்திரி நான் விழித்துக்கொண்டால், மூன்று பேர் கல்லைச் சுற்றி நின்று அன்றைக்கு மேனேஜர் சொன்னதைப் பேசிச் சிரிப்பது கேட்கும். இரவு ஷிப்ட் பெண்கள் எங்கள் விடுதியை விட்டு அநேகமாகப் போவதில்லை. அதற்கு அந்த மாவுத் தூக்கும் ஒரு காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

போக்குவரத்தில் திருச்சிக்குக் கொடுப்பினை உண்டு. ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்கும் ஓடும் ஒன்றாம் நம்பர் பஸ் ராத்திரியிலும் கிடைக்கும். பல நகரங்களில் இது இல்லை. அந்தப் பாதையை விட்டுத் தள்ளி இருக்கும் இடங்களுக்குத்தான் பாடு: நவல்பட்டு, துவாக்குடி, வயலூர் ரோட்டின் உள்பகுதிகள். 2021 மேயிலிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் திருச்சியில் தனியார் டவுன் பஸ்கள் நிறைய, அவற்றில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். அரசுப் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் காத்திருந்து, நேரமாகிவிட்டதென்று தனியாரில் ஏறுகிற பிள்ளைகள் எத்தனையோ. 2025இல் வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூர் புதுப் பேருந்து நிலையத்துக்கு மாறிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஊரிலிருந்து திரும்புகிறவர்களை அங்கேயே சேர்ந்து ஒரு ஆட்டோ பிடித்து வரச் சொல்லி ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம்.

உட்கார இடம் வேண்டும், காசு கொடுக்காமல். 1976இல் கட்டிய காவிரிப் பாலத்தில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக இளைஞர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். காற்றுக்காக மட்டும் இல்லை, நண்பர்களோடு ஒரு மணி நேரம் நின்று பேச வேறு இடம் கிடையாது. காபி ஷாப்பில் உட்கார 200 ரூபாய். மதுரையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு அங்கிருந்து வரும் பிள்ளைகள் அதைப் பற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஏசி, நாற்காலி, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் நாள் முழுக்கப் படிக்கலாம். திருச்சிக்கும் காமராஜர் பெயரில் பெரிய நூலகம் என்று அரசு அறிவித்தது. மாநகராட்சி தன் பங்குக்கு ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வாசிப்பறையை ராத்திரி பத்து மணிவரை, வெளிச்சமான தெருவில், கழிப்பறையோடு திறந்துவைத்தால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலத்துக்கும் வாழ்த்துவார்கள்.

கடைசியாக ஒன்று. இது அநேகம் பேருக்குத் தெரியாது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் விரும்பினால் படிக்கிற ஊரிலேயே வாக்காளர் பட்டியலில் சேரலாம். படிவம் 6, கூடவே கல்லூரியில் கையெழுத்து வாங்கிய மாணவர் உறுதிமொழி. சொந்த ஊர் அல்லது படிக்கும் ஊர், இரண்டில் ஒன்றில்தான் பெயர் இருக்கலாம். எங்கள் பிள்ளைகள் சிலர் இங்கே சேர்ந்தார்கள். அப்புறம் வார்டில் மக்கள் தங்கள் பகுதிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டம் நடந்தபோது அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் தெரு வரை இரண்டு கம்பத்தில் விளக்கு எரியாததை ஒரு பெண் எழுந்து நின்று, வாக்காளர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். அந்த மாதத்துக்குள் விளக்கு வந்துவிட்டது. நான் எத்தனையோ முறை போனில் சொல்லி வராத விளக்கு. மாநகராட்சியில் 65 வார்டு இருக்கிறது. கல்லூரி விடுதிகள் இருக்கும் வார்டுகளில் பிள்ளைகள் ஓட்டும் சேர்ந்தால் பஸ்ஸும் விளக்கும் கழிப்பறையும் யாரும் தனியாகக் கேட்காமலே பேச்சுக்கு வரும்.

மாடி போர்ஷன் காலியாக இருக்கும் திருச்சி வீட்டுக்காரர்களுக்கு: வேலைக்குச் சேர்ந்த இளம்பெண்களுக்கு வீடு விடுவதானால் ஆதார் நகல், ஆஃபர் லெட்டர் அல்லது அலுவலக அடையாள அட்டை, வீட்டாரின் தொலைபேசி எண், முன்பு தங்கிய விடுதியின் எண், இந்த நான்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். பதினோரு மாத ஒப்பந்தம் எழுதுங்கள், மூன்று மாத அட்வான்ஸ் போதும். வேறு எதையும் கேட்காதீர்கள். மே மாதம் வந்தால் என்னிடம் நாலைந்து பெண்களாவது வீடு தேடிக்கொண்டிருப்பார்கள்.